கணவாய் ஊர் நேரம்

ஹைட்ரஜன் இயந்திரத்துக்குக் கணவாய் ஊரிலிருந்து கடற்கரைக்கு மாற்றலானது. காற்றாலை தரும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, சாயப்பட்டறை பாய்லருக்கு எரிவாயு கொடுப்பது அதன் வேலை. கணவாயில் நடந்த சோதனையில் நல்ல பேர் வாங்கியிருந்தது.

அங்கே பொழுது சாய்ந்தால் காற்று அடங்கிவிடும். அந்த நேரத்தில் வேலையை முடித்துக்கொள்வது இயந்திரத்தின் பழக்கம். கடற்கரையில் காற்று கிளம்புவதே பொழுது சாய்ந்த பிறகுதான். காற்றாலை வேகமாகச் சுற்றியது, இயந்திரம் உறங்கியது. காலையில் எரிவாயு இல்லாமல் பாய்லர் சில்லிட்டுக் கிடந்தது.

"இன்னொரு நாள் இப்படின்னா என்னைக் கழற்றிப் போட்டுட்டு, பழையபடி விறகு அடுப்புக்கே போயிடுவாராம் முதலாளி," என்றது பாய்லர்.

"எங்க ஊர்ல ஒரு நாளும் இப்படி நடந்ததில்ல," என்றது இயந்திரம். "அந்த மலை, அந்தக் காத்து... சாயங்காலமானா எல்லாரும் ஓய்ஞ்சு உக்காந்து பேசிக்கிட்டிருப்போம்."

"உங்க ஊர்க் கதையால எனக்குச் சூடு ஏறாதுப்பா. அங்க காத்து எப்ப அடங்கும்னு உனக்கு யார் சொன்னா?"

"அங்க இருந்த காற்றாலைதான். போன புதுசுல தினமும் அவரைத்தான் கேட்பேன். சலிக்காம சொல்வார். தங்கமான மனுஷன்."

பாய்லர் வெளியே நின்ற காற்றாலையைப் பார்த்தது. இத்தனை நாளில் இயந்திரம் அதனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இயந்திரம் வெகுநேரம் கணவாயையே நினைத்துக்கொண்டிருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு காற்றாலையின் பக்கம் திரும்பியது.

"அண்ணே, நம்ம ஊர்ல காத்து எப்பண்ணே கிளம்பும்?"