மூடுவதற்கு ஒருவர்

“அவங்ககிட்ட கேட்டுட்டா எலும்பை எடுக்கிறீங்க?”

இலங்கையின் பல்லேபொலவில் பழங்காலப் புதைகுழியைப் பார்க்க வந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி ஒருநாள் இப்படிக் கேட்டாள். ஆய்வாளர் சிவநந்தினி அன்றே முடிவெடுத்தார்: ஆய்வுக்கு ஒரு பல் போதும், மற்றதெல்லாம் அதே குழிக்குத் திரும்பிவிட வேண்டும்.

எலும்புகளைத் திரும்ப வைத்துக் குழியை மூடும் நாள் இன்று. குழி தோண்டிய நஸீமுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை.

“மிஸ், மூடுறதுக்கு முன்ன அஞ்சு நிமிஷம் என்னைத் தனியா விடுங்க!”

கூட வேலை செய்யும் தர்மேந்திரன் சிரித்தான். “எல்லாரும் திறக்கத்தான் முண்டியடிப்பாங்க. நஸீம் நானா மூடுறதுக்குத் துடிக்கிறாரே! உள்ள கிடக்கிற சிவப்பு மணியில கண்ணு போல.”

சிவநந்தினி ஒரு கணம் தயங்கினார். பிறகு, “போங்க நஸீம்” என்றார். எல்லோரையும் தேநீர் குடிக்க அழைத்துப் போய்விட்டார்.

நஸீம் குழிக்குள் இறங்கினான். மணிகளை அவன் பார்க்கக்கூட இல்லை. குனிந்து ஒரு பிடி மண் அள்ளி, எலும்புகள் மேல் மெல்லப் போட்டான்.

அவனுடைய வாப்பா குவைத்தில் மௌத்தானபோது அவனுக்கு ஆறு வயது. வீட்டிலிருந்து யாராலும் போக முடியவில்லை. முகம் தெரியாத யாரோ சிலர்தான் ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டு அவரை அடக்கினார்கள். நன்றி சொல்ல அவர்களை எங்கே தேடுவது?

நஸீம் இரண்டாவது பிடியை அள்ளினான். பிறகு மூன்றாவதையும்.