கடைசி லயத்துச் சமையல்

அன்று மத்தியானம் அட்டன் மாணவர் விடுதியில் ஒரு பிள்ளையும் சோற்றில் கை வைக்கவில்லை. ருசியில் குறை இல்லை. செல்லசாமி சமையலுக்கு வந்ததிலிருந்து, முன்பு தட்டைத் தள்ளிவிட்டுப் போன பிள்ளைகள்கூட இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பயம்தான் காரணம். முற்றத்தில் நாலு பேர் தடியோடு நின்றார்கள்.

அவர்களைக் கூட்டி வந்தவர் ஜவுளிக்கடை அழகையா. விடுதிக்கு அவர்தான் தலைவர். வார்டன் இராமையாவைப் பார்த்து உறுமினார்.

"வாத்தியாரே, அந்தச் சமையல்காரன் டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்துல எந்த லயத்துல, எந்தக் கூலி வீட்டு வரிசையில இருந்தவன் தெரியுமா? கடைசி லயம்! அந்தச் சாதிக்காரன் கையாலயா எங்க பிள்ளைங்க திங்கணும்?"

"பிள்ளைங்க வயிறாரச் சாப்பிடுறாங்கய்யா. இப்பதான் ஒருத்தரும் குறை சொல்றதில்ல."

"சோறு நல்லாருந்தா சாதி மாறிருமா?"

போன வருஷம் இதே குற்றத்துக்கு வேறொரு சமையல்காரனைக் கம்பத்தில் கட்டி அடித்ததில் அவன் கை ஒடிந்துபோனது. செல்லசாமிக்கும் அதே கதியா என்று இராமையா பயந்தார்.

சாதி விஷயத்தில் அழகையா எமன். யாரைக் கண்டாலும் முதலில் ஊரையும் தகப்பன் பேரையும் கேட்பார். தன் ஊரைக் கேட்டால் மட்டும், "கடலுக்கு அக்கரையில, இந்தியாவுல" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிடுவார்.

"நானே விசாரிக்கிறேன். அவன் வாயால ஒத்துக்கிடட்டும். அப்புறம் இழுத்துட்டுப் போங்க" என்று தடிக்காரர்களிடம் சொல்லிவிட்டு, செல்லசாமி இருந்த சமையற்கட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்.

வெளியே பனி இறங்கி முற்றத்தை மூடியது. இராமையா கதவை ஒட்டி நின்றார். உள்ளே பேசியது அவருக்கு மட்டும் கேட்டது.

"எந்த ஊருடா?"

"முசிறி பக்கம் வேலம்பட்டிங்க."

"யாரு மவன்?"

"வைரவன் மவனுங்க. அப்பா செத்துட்டாருங்க."

ஏதோ பாத்திரம் உருண்டு விழுந்தது. இராமையா கண்ணை மூடிக்கொண்டார்.

"மொதலாளி, வரட்டுமா?" என்று ஒரு தடிக்காரன் கத்தினான்.

"வராதீங்கடா!"

அழகையாவின் குரல் உடைந்திருந்தது. பிறகு அதே குரல் மிகவும் தணிந்து கெஞ்சியது.

"உன் கால்ல விழுறேன், நான் உன் அண்ணன்னு வெளிய சொல்லிறாதடா!"