துரை சொன்ன பதில்

“வேர் இஸ் மை ஹஸ்பண்ட், சார்?”

சிவந்தி பிசகில்லாமல் கேட்டுவிட்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் பேனாவை மூடி வைத்தார். என் பக்கத்தில் நின்ற ஐரீன் சந்தோஷத்தில் என் விரல்களைப் பிடித்து அழுத்தினாள்.

பதினெட்டு நாள் பாடுபட்டது அந்த ஒரு வாக்கியத்துக்காக.

ஐரீன் ஸ்காட்லாந்துக்காரி. நாற்பத்தொன்பதாம் வருஷக் கோடை விடுமுறையில், திருவொற்றியூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறு வாரம் இங்கிலீஷ் முகாம் நடத்த, சம்பளமில்லாமல் கப்பலேறி வந்தவள். அவள் சொல்வதைத் தமிழில் சொல்வது டீச்சரான என் வேலை.

முகாம் சரியாக நடக்கவில்லை. பிள்ளைகள் பன்னுக்கும் பாலுக்கும் வந்தார்கள். ஒரு பாட்டுப் பாடிவிட்டு, பன்னை வாங்கிக்கொண்டு கடலுக்கு ஓடினார்கள். மூன்றாவது வாரத்தில் ஐந்து பேர்தான் மிச்சம். ஒரு மத்தியானம் ஐரீன் கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். எதற்காக இவ்வளவு தூரம் வந்தேன் செல்வி, என்றாள்.

மறுநாள் சிவந்தி வந்தாள்.

குப்பத்து மீன்காரி. முப்பது வயதிருக்கும். கூடையை வாசலில் இறக்கிவிட்டு, பிள்ளைகளுக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவள் புருஷன் கிருஷ்ணப்பன் யுத்த காலத்தில் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போனவன். திரும்பவில்லை. ராயபுரத்துக் கப்பல் கம்பெனி துரையிடம் அவனைப் பற்றிக் கேட்க வேண்டும், அதற்கு ஒரு வரி இங்கிலீஷ் வேண்டும் என்றாள்.

நான் வந்து கேட்கிறேனே என்றேன்.

“வாணாம் டீச்சரம்மா. என் வாயால நானே கேக்கணும்.”

ஐரீனுக்கு உயிர் வந்தது. பெயர் சொல்ல, நலம் விசாரிக்க, பத்துவரை எண்ண, எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். சிவந்தி சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாள். ஒரு வரி போதும்.

‘அஸ்பெண்டு’ ஹஸ்பண்ட் ஆவதற்கே ஒரு வாரம் பிடித்தது. ஐரீன் அவளுடைய உள்ளங்கையைத் தன் வாய்க்கு முன்னால் வைத்து ‘ஹ’ என்று ஊதிக் காட்டினாள். சிவந்திக்குக் கூச்சம். கையை இழுத்துக்கொண்டாள், பிறகு தானே நீட்டினாள். அந்த வாரம் ஊருக்கு எழுதிய கடிதத்தில் ஐரீன் வேறு எதையும் எழுதவில்லை.

இன்று காலை பஸ்ஸில் வரும்போதும் சிவந்தியின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. கூட ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்ததால் துரையின் அறைவரை எங்களை விட்டார்கள்.

துரை ஒரு தடித்த நோட்டை வரவழைத்தார். கப்பலின் பெயரையும் ஆளின் பெயரையும் நான் சொன்னேன். அவர் விரல் பக்கத்தில் இறங்கி ஓரிடத்தில் நின்றது.

அவர் எழுந்து நின்றுகொண்டார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

நிதானமாக, மரியாதையாகத்தான் பேசினார். நாற்பத்திரண்டாம் வருஷம் நவம்பர் மாதம், அட்லாண்டிக் கடலில் அந்தக் கப்பல் குண்டுபட்டு மூழ்கியது. அடித்தட்டில் கரி போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் மேலே வரவில்லை. இதைச் சொல்ல நேர்ந்ததற்கு வருந்துகிறேன் என்று முடித்தார்.

ஐரீனின் கை என் கையிலிருந்து நழுவியது.

சிவந்தி துரையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்திய இடங்களில் தலையாட்டினாள். முடித்ததும் இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

வெளியே துறைமுகத்துக் கரித்தூள் காற்றில் பறந்தது. ஐரீன் ஆபீஸ் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நான்தானே அந்தக் கேள்வியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், என்று இங்கிலீஷில் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, அவளிடம் சொல்லிவிடு செல்வி, மறைப்பது பாவம், என்றாள்.

சிவந்தி முந்தானையால் நெற்றி வேர்வையை ஒற்றிக்கொண்டிருந்தாள். குங்குமம் கலையாமல், அதைச் சுற்றி ஒற்றினாள்.

அவள் தோளைத் தொட்டேன். “சிவந்தி, துரை என்ன சொன்னாருன்னா...”

சட்டென்று என் வாயைப் பொத்தினாள். மீன் வாடை ஏறிப்போன கை.

“வாணாம் டீச்சரம்மா, நீ சொல்லாதே. யுத்தம் முடிஞ்ச வருசமே இந்த ஆபீசு குமாஸ்தா தமிள்ல சொல்லிட்டாரு. வூட்ல ஒருத்தருக்கும் சொல்லல நானு. மாமியாதான், போய் தொரையவே கேட்டுகினு வாடின்னு தெனம் பேஜாரு பண்ணிகினு கீது. கேட்டுட்டேன். தொர இங்கிலீசுல இன்னாவோ சொன்னாரு, எனக்குப் புரியலன்னு சொல்லிக்குவேன். அது பொய்யில்லியே?”

நான் தலையாட்டிய பிறகுதான் கையை எடுத்தாள்.

ஐரீன் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். தோளில் முகத்தை வைத்து விசும்பினாள். சிவந்தி அசையாமல் நின்றாள். பிறகு, என்ன தோன்றியதோ, அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் முதுகை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

ஐரீன் அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். சொல்லிவிட்டாயா, என்று கேட்டாள்.

அவளுக்குத் தெரியும், என்றேன்.