அடுப்படிக்குப் போகும் கால்

படிவத்தில் ஒரு கட்டம்தான் மிச்சம்.

கால், அல்லது சக்கர நாற்காலி. இரண்டில் ஒன்றை அவள் எழுதவேண்டும். பன்னிரண்டு மணிக்கு டொக்டர் வந்து கையெழுத்திடுவார்.

எதிரே தவமலர், நடை பழகும் இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். கம்பியைத் தொடவில்லை. இடது பாதம் சொந்தப் பாதம். வலது கால், முழங்காலுக்குக் கீழே, சீனி வருத்தத்தில், நீரிழிவில், போனது. அந்த இடத்தில் எட்டு வாரத்துக்கு முன் இந்த நிலையத்தில் பொருத்திய செயற்கைக் கால். இரண்டிலும் வெள்ளைச் சப்பாத்து.

போனார். திரும்பினார். ஒரு பிசகும் இல்லை.

இங்கே அவர் ஒருநாளும் விழுந்ததில்லை.

வீட்டில் நான்கு முறை விழுந்திருந்தார். கடைசி முறை மணிக்கட்டு வீங்கிப்போனது.

சப்பாத்துகளைக் கொண்டுவந்தது அவள்தான். கனடாவில், ரொறன்ரோவில் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு, நாற்பத்தொரு சோடி, இரண்டு பெட்டிகளில், கிளிநொச்சிவரை. இயன்முறை மருத்துவம் படிப்பவள். மூன்று மாதம் தொண்டு செய்யவென்று வந்து பத்து வாரம் ஓடிவிட்டது. பெட்டியைத் திறந்த அன்று தவமலர் வெள்ளையைத் தெரிந்தெடுத்தார். அளவு கொஞ்சம் பெரிது. பரவாயில்லை என்று சிரித்தார்.

அவள் கோப்பைப் புரட்டினாள்.

முதல் பக்கத்தில் அவளுடைய கையெழுத்து. காலணி: சப்பாத்து.

மூன்றாம் பக்கத்திலும் அவளுடைய கையெழுத்து. விழக் காரணம்: பயம்.

தவமலர் ஒரு முன்பள்ளியில் மத்தியானச் சமையல் செய்கிறவர். முப்பத்தைந்து பிள்ளைகள். சமையலறைக்கு ஏற இரண்டு படி. நாற்காலி ஏறாது. அவருடைய இடத்தில் இந்த மாதக் கடைசிவரை இன்னொரு பெண்ணை வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் காத்திருக்க முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

பின்னால், கால் செய்கிற யோகன் எதையோ இயந்திரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார். சிலருக்குக் கால் ஒத்துவராது, அதற்கு நாம் என்ன செய்வது என்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

எத்தனை முறை விழுந்தீர்கள் என்று எட்டு வாரமும் கேட்டிருக்கிறாள். வீட்டில் எந்த இடத்தில் என்று கேட்டதில்லை.

இப்போது கேட்டாள்.

அடுப்படியில், என்றார் தவமலர். இரண்டாவதும் அடுப்படி. மூன்றாவது சாமியறை, விளக்கு ஏற்றப் போகும்போது. நான்காவது மறுபடி அடுப்படி.

ஒழுங்கையில்?

ஒழுங்கையில் விழவில்லை. சந்திவரை போய் மரக்கறி வாங்கி வருவாராம். வழியெல்லாம் கல்லும் குழியும்.

அவள் குனிந்து பார்த்தாள். வெள்ளைச் சப்பாத்து. முன்பக்கம் மெல்லிசு. குதிப்பக்கம் இரண்டு விரல் உயரம்.

அடுப்படிக்குள் இதைப் போட்டிருந்தீர்களா என்று கேட்டாள்.

இயந்திரம் நின்றது.

தவமலர் அவளைப் பார்த்தார். கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டவளைப் பார்ப்பதுபோல.

“அடுப்படிக்குள்ள ஆர் பிள்ளை சப்பாத்தோட போவினம்?”

கழற்றினால் ஏதோ பின்னுக்குத் தள்ளுகிற மாதிரித்தான் இருந்தது என்றார் பிறகு. முதல் வாரமே அவருக்குத் தெரிந்துவிட்டதாம்.

ஏன் சொல்லவில்லை?

தவமலர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“சொன்னா நீங்கள் குறை நினைப்பியள். அவ்வளவு தூரம் சுமந்து கொண்டந்தது.”

யோகன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கோப்பை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். குதியின் உயரத்துக்கு ஏற்றபடிதான் காலின் சாய்வை வைப்பார்கள். சப்பாத்து என்று எழுதியிருந்தது, சப்பாத்துக்கு வைத்தார். அதைக் கழற்றினால் குதி இறங்கும், கால் ஆளைப் பின்னால் சாய்க்கும்.

தன்னைக் குறை சொல்வார் என்று அவள் காத்திருந்தாள்.

“என்ர வீட்டிலயும் ஒருத்தரும் சப்பாத்தோட உள்ள போறேல்லை,” என்றார் யோகன். “எனக்கெண்டாலும் பிடிபட்டிருக்க வேணும்.”

சப்பாத்துகளைக் கழற்றிக் கம்பியடியில் சோடியாக வைத்தார்கள். கணுக்காலில் நான்கு திருகாணிகள். யோகன் ஒன்றைத் தளர்த்தி ஒன்றை இறுக்கினார். எழுந்து நிற்கச் சொன்னார். மறுபடி இருக்கச் சொன்னார். இன்னும் அரைச் சுற்று. இனி வெளியே போக ஒரு தட்டைச் செருப்பு வாங்குங்கோ, குதி உயர்ந்ததைத் தொடக்கூடாது என்றார்.

தவமலர் எழுந்தார்.

வெறும் பாதம் இரண்டும் சீமெந்துத் தரையில். ஒன்று கறுப்பு. ஒன்று இறப்பரின் மண்ணிறம்.

கம்பிகளுக்கு நடுவே ஒருமுறை போனார். திரும்பவில்லை. கம்பி முடிந்த இடத்தைத் தாண்டி, கூடத்தைக் குறுக்கே கடந்து, பின்னாலிருந்த தேத்தண்ணி அறைக்குள் போய்விட்டார்.

யாரும் கூடப் போகவில்லை. போகவேண்டாம் என்று யோகன் கையைக் காட்டினார்.

அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். விழுகிற சத்தம் அவளுக்குத் தெரியும்.

தண்ணீர்க் குழாய் திறந்தது.

அடுப்பு பற்றியது.

நெடுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு கரண்டி கிளாஸில் இடித்தது. ஒருமுறை. திரும்ப ஒருமுறை.

அவள் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, பயம் என்றிருந்ததைக் குறுக்கே வெட்டினாள். மிச்சமிருந்த கட்டத்தில் கால் என்று எழுதினாள். பேனாவை மூடினாள்.

“எனக்குச் சீனி இல்லை,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “உங்களுக்கு எத்தினை கரண்டி, பிள்ளை?”

எழுந்து போனாள். தேத்தண்ணி அறையின் வாசலில் நின்றாள்.

பத்து வாரமாகத் தினமும் இரண்டு முறை அதற்குள் போய் வந்திருக்கிறாள்.

குனிந்து, தன் சப்பாத்தின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.