வார்டில் துரை செய்த நுண்ணோக்கி

தன் பழைய நுண்ணோக்கியின் வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் என் கணவர் சிதம்பரநாதன் குரலைத் தாழ்த்திக்கொள்வார். வார்டில் என்ற வெள்ளைக்காரன் ஏழு மாதம் தன் கையாலேயே கண்ணாடி தேய்த்து அதைச் செய்தானாம். "பெண்டாட்டியைக்கூடத் தொட விடமாட்டானாம்" என்று முடித்து, என்னைப் பார்த்துச் சிரிப்பார். இருபது வருடமாக எனக்கும் அதே சட்டம். பித்தளையை அவரே துடைப்பார். ஆனால் அவரும் ஒருநாளும் அதில் கண் வைத்துப் பார்த்ததில்லை.

போன வாரம் அவர் வெளியூர் போயிருந்தபோது வெங்காயத் தோலை வைத்து நான் பார்த்தேன். வெறும் வெளிச்சம். கீழ்க்குழாயைத் திருகிக் கழற்றினால் உள்ளே கண்ணாடியே இல்லை. காய்ந்த சிலந்தி ஒன்று இருந்தது. சிலந்தியோடு சேர்த்து மறுபடி மாட்டினேன். அவரிடம் சொல்லவில்லை. அதன்பிறகு அந்த வரலாற்றைக் கேட்பதே எனக்கு இனிமையாகிவிட்டது.

நேற்று ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் வந்தார். அவர் சான்று எழுதினால் கல்லூரி அருங்காட்சியகத்தில் என் கணவர் பெயரோடு அதை வைப்பார்கள். ஓர் இலைத்துணுக்கை வைத்து அவர் வெகுநேரம் குனிந்திருந்தார். கருவறை முன் நிற்பதுபோல் இவர் கைகட்டி நின்றார்.

"அடேயப்பா! செல் ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது சார்" என்று பேராசிரியர் நிமிர்ந்தார்.

நான் சிரித்துவிட்டேன்.

"என்ன சிரிப்பு? வா, நீயும்தான் பாரு. என்ன தெரியுதுன்னு சாருக்குச் சொல்லு" என்றார் என் கணவர்.

குனிந்தேன். அதே வெள்ளை வட்டம். ஓரக்கண்ணில், பேராசிரியரின் கால்விரல்கள் தரையில் மடங்குவது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"இருங்க, இன்னும் கொஞ்சம் பாக்கறேன்" என்றேன்.