கிழக்குப் பாறை

கோகிலவாணி மற்றவர்களுக்காக மலையேறுகிறவள். அவள் தலைக்கவசத்தில் உள்ள கேமரா வழியாக, எங்கோ ஒரு வீட்டில் சாய்ந்திருக்கும் வாடிக்கையாளர் மலையைச் சுற்றிப் பார்ப்பார். அவர் வேறு பக்கம் பார்க்க நினைத்தால், கவசத்தோடு இணைந்த கழுத்துப்பட்டை இவள் தலையைத் திருப்பும். இத்தனை வருடங்களில் அந்தத் தலை அருவிப் பக்கமும் மேற்கு மலைகள் பக்கமும்தான் திரும்பியிருக்கிறது. கிழக்கே இருப்பது அவளுடைய ஊர். சிமெண்ட் கூரைகளையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்க்க யாரும் ஆசைப்பட்டதில்லை.

இன்று அவளுக்கு விடுமுறை. மலையடிவாரப் பூங்கா வாசலில் காவலர் கேட்டார்.

"கவசம் எங்கம்மா? இன்னைக்கு யாருக்காக ஏறுற?"

"எனக்காகத்தான். டிக்கெட் குடுங்க."

பாதி வழியில், தோன்றிய இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு எறும்பு வரிசையை ஆசைதீரப் பார்த்தாள். உச்சியில் கவசம் போட்டவர்கள் எல்லோரும் மேற்கே பார்த்தபடி நின்றார்கள். அவள் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்குப் பாறையில் ஏறி, கணவனுக்கு ஃபோன் செய்தாள்.

"மாடிக்கு வந்துட்டீங்களா? என் சிவப்புச் சேலைய நல்லா வீசுங்க."

பக்கத்தில் வேலையில் இருந்த ரெஜினா, தலையைத் திருப்ப முடியாமல் மெல்லக் கேட்டாள்.

"அங்க என்னக்கா தெரியுது?"

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி ஆடியது.

"என் வீடு," என்றாள் கோகிலவாணி. மேற்கே பார்த்து நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

ஃபோனில் கணவன் மூச்சு வாங்கினான். "கை வலிக்க வீசுறேன். நீதான் தெரியவே இல்ல."

"தெரியலேன்னா போகட்டும். இன்னைக்குப் பாக்குறது நான்."