ரேமண்டுக்கு ஒரு பாட்டு

"நாளைக்கு ரேமண்டுக்கு விஷ ஊசி. இன்னிக்கும் அவனுக்கு அந்தப் பாட்டைப் போடணும்," என்றார் லொரெய்ன். குரலில் நடுக்கமே இல்லை.

குத்புதீன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். வாராவாரம் போனில் மட்டும் கேட்ட குரல், இன்று ஹூஸ்டன் வானொலி நிலையத்துக்கே வந்து எதிரில் உட்கார்ந்திருந்தது. அறுபது தாண்டிய கறுப்பினப் பெண்மணி. சர்ச்சுக்குப் போட்டுப் போகும் தொப்பி.

குத்புதீன் ஆம்பூர்க்காரன். வேலை எண்ணெய் கம்பெனியில். உயிர், கறுப்பின மக்களின் சோல் இசையில். ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி ஊரில் இருக்கும் வீட்டில் கார் வெயிலில் நிற்கும், கராஜ் முழுக்க இசைத்தட்டு. ஞாயிறு மதியங்களில் சம்பளம் வாங்காமல் அவற்றை ரேடியோவில் போடுவான். பக்கத்து ஊர்ச் சிறையில் இருக்கும் மரண தண்டனைக் கைதிகள்கூட கேட்பார்கள்.

அந்தப் பாட்டின் தட்டை அனுப்பி வைத்தவர் லொரெய்ன்தான். பாடியவன் பெயர்கூட அதில் இல்லை. யார் என்று கேட்டதற்கு, "எங்க சர்ச்சுப் பையன்," என்றதோடு சரி. இத்தனை வருஷம் தேடிச் சேர்த்ததில் இப்படி ஒரு குரல் குத்புதீனுக்குச் சிக்கியதில்லை.

போன வாரம் சிறையிலிருந்து பாதிரியார் கூப்பிட்டிருந்தார். பாட்டு ஆரம்பித்தாலே ரேமண்ட் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறானாம். வேறு ஏதாவது போடக்கூடாதா என்று கேட்டார்.

"அம்மா ஞாபகம் வந்துடும்ங்க, பாவம்," என்று தமிழில் முணுமுணுத்தாள், கூட வந்திருந்த மனைவி நஜீமா.

குத்புதீன் தயங்கித் தயங்கி லொரெய்னிடம் விஷயத்தைச் சொன்னான். "இன்னிக்கு ஒரு நாளாவது வேற பாட்டு போடட்டுமா? அவனால தாங்க முடியலயாம்."

"அழறானாமா?"

"ஆமா."

"அப்ப கேக்கறான்." லொரெய்ன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இதையே போடுங்க."

பெற்றவளின் கடைசி ஆசை. அதை மறுக்க அவனுக்கு மனசு வரவில்லை. மைக்கில், "ரேமண்டுக்காக," என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசியைத் தட்டில் வைத்தான்.

இளங்குரல் ஒன்று அறையை நிறைத்தது. லொரெய்ன் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வரி விடாமல் உதடுகள் கூடவே அசைந்தன.

நஜீமாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மைக் அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அருகில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு உங்க மகனுக்காக நாங்க ரெண்டு பேரும் தொழுதுட்டு துஆ பண்றோம்."

லொரெய்ன் கண் திறந்து ஸ்பீக்கரைக் காட்டினார்.

"பண்ணுங்க. இதோ பாடறானே, இவன்தான் என் மகன். ரேமண்ட் சுட்டுக் கொன்னது இவனைத்தான்."